வீட்டுக்கு இரண்டு குடம்

மலாயாவில், இந்தக் கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டு லயத்துக்கு ஒரே ஒரு பைப்பு. வந்த புதிதில் ஒரு காலை, என் முறை வந்தபோது, பின்னால் நின்ற சீனப் பெண் ஒருத்தி என் வாளியை ஒதுக்கிவிட்டு வேறொருத்தியின் வாளியை வைத்தாள். நான் சண்டைக்குப் போனேன். "சாக்கிட், சாக்கிட்" என்றாள் அவள். எனக்கு அப்போது மலாய் தெரியாது. பக்கத்து அறை சின்னசாமி என் தோளைப் பிடித்து, "சும்மா இருய்யா. அந்த வாளிக்காரி வூட்ல சீக்காளி கெடக்குதாம். சீக்கு வூட்டுக்கு மொதல்ல, வேணுங்கிற மட்டும். இங்க அப்படித்தான்" என்றார். வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வாளி நிறையும் சத்தத்தைக் கேட்டு நிற்க முடியாமல் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊர். யுத்த காலத்தில் மழை பொய்த்த ஒரு கோடையில் ஊர்க் கிணற்றின் அடியில் மட்டும் ஊற்று மிச்சமிருந்தது. ஒரு நாளைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு குடம் என்று நாட்டாமை சட்டம் வைத்தார். ஏமாற்றக் கூடாதென்று எல்லாருக்கும் ஒரே அளவில் குடம் வனையச் சொன்னார். தன் வீட்டுக்கும் இரண்டுதான் எடுத்தார். நேர்மையான மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். அவர் வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். மிஞ்சிய தண்ணீரில் அவர்களுடைய முருங்கை பச்சையாக நின்றது.

என் அக்கா அஞ்சலை வீட்டில் ஆறு பேர். மாமியாருக்கு வாந்திபேதி கண்டது. குடிக்கக் கொடுக்க வேண்டும், துணி அலச வேண்டும். மறுநாள் கிணற்றடியில் அக்கா கேட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு கொடம் மாமா. கெழவிக்கு நாக்கு வறண்டு போச்சு."

எனக்குப் பின்னால் யாரோ, "கெணறு என்ன ஒனக்குச் சீதனமா வந்துச்சா?" என்றார்கள். சிலர் சிரித்தார்கள்.

நாட்டாமை சிரிக்கவில்லை. "எனக்கும் ரெண்டு, ஒனக்கும் ரெண்டு. இதுல என்ன கொறை சொல்லு?"

"ஒங்க கொடத்துலேருந்தாவது குடுங்க மாமா."

"குடுத்துருவேன் ஆயி. நாளைக்கு நாலு பேரு வந்து கேட்டா? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. நான் பாடாலூருக்கு ஓடி, ரோட்டுக் கடையில் வண்டி ஒன்று பிடித்துப் பீப்பாயில் தண்ணீர் கொண்டு வருவதற்குள் மூன்றாம் நாள் ஆகிவிட்டது. அதற்குள் அக்கா கிணற்றுத் தண்ணீரை மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு, எருமை படுக்கும் குட்டைத் தண்ணீரைச் சேலையில் வடிகட்டித் தான் குடித்திருந்தாள். கிழவி பிழைத்துக்கொண்டாள். அக்காவின் உடலைக் கழுவ அந்தப் பீப்பாய்த் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

இப்போதும் கண்ணை மூடினால் அவள் கேட்கிறாள். எப்போதும் ஒரே ஒரு குடம்தான் கேட்கிறாள்.

யுத்தம் முடிந்து நான் கப்பலுக்குப் புறப்பட்டபோது, அரியலூர் ஸ்டேஷன் வரை வழியனுப்ப வந்தவர் நாட்டாமை ஒருவர்தான். கட்டுச்சோறு கொண்டு வந்திருந்தார். "போற சீமையில ஒன்னைய எல்லாரையும் போல சமமா நடத்துறானான்னு பாத்துக்க தம்பி" என்றார். மனசாரத்தான் சொன்னார். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். அந்தக் கையை விலக்கவும் என்னால் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. கடல் தாண்டி இத்தனை காலம் ஆகியும், அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் நான் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறேன்.