முகத்துவாரம் திறந்த அஸர் வேளை

அந்த மார்கழியில் மாவடிப்பள்ளியில் இருக்கும் என் வயலைப் பார்க்கப் போனேன். வயலைக் காணவில்லை. வரம்பு இல்லை, வாய்க்கால் இல்லை. கண் எட்டும் வரைக்கும் வெள்ளம். என் மூன்று ஏக்கர் வெள்ளாமையும் அதற்குள் எங்கோ கிடந்தது. அப்படியே சேற்றில் குந்திவிட்டேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் கரையை உலுக்கிப்போட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதன் பிறகு மழைக்கே புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஐப்பசியில் விழ வேண்டிய மழை விழாது. அறுவடை நேரம் பார்த்துக் கொட்டும். முந்திய போகம் அறுத்துக் குவித்த கதிரெல்லாம் நனைந்து, குவியலிலேயே முளைத்துப்போனது. இந்தப் போகம் நேர்மாறு. ஐப்பசி முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. விதைத்த நெல் புழுதியிலேயே கருகிற்று. வீட்டில் சோற்றுக்கென்று வைத்திருந்த நெல்லை எடுத்துத்தான் இரண்டாம் தரம் விதைத்தேன். மூட்டையை அவிழ்த்துத் தந்த என் மனைவி சவுதும்மா, "பிஸ்மி சொல்லி எறியுங்க" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான்.

பயிர் முளைத்தது. சாண் உயரத்துக்குப் பச்சை பிடித்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் பிந்தி நின்ற மழையெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து கொட்டியது.

எங்கள் வயல் தண்ணீர் ஆற்றில் இறங்கி, முகத்துவாரத்தால் கடலுக்குப் போக வேண்டும். கோடையில் கடல் அந்த வாயை மணலால் அடைத்துவிடும். மாரியில் ஆட்கள் கூடி வெட்டித் திறப்பார்கள். இந்த முறை கடல் ஆள் உயரத்துக்கு எழும்பி அடித்தது. கிட்டப் போகவே எல்லோருக்கும் பயம்.

சவுதும்மாவின் தம்பி இஸ்மாயில் கரைவலைத் தோணி வைத்திருந்தான். வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், இந்த வெள்ளாமைய விட்டுருங்க. மழை இப்ப ஆர்ர சொல்லையும் கேக்கிறல்ல. கடல் அடங்கினதும் என்னோட வாங்க, வலை இழுப்பம்."

என் மனமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் பக்கத்து வயல்காரர், காரைதீவு கணபதிப்பிள்ளை அண்ணன், வாசலில் வந்து என்னை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டார். "காக்கா, இப்பதான் தண்ணிக்குள்ள கைய விட்டுப் பாத்திட்டு வாறன். பயிருக்கு இன்னும் உசிர் கிடக்கு. இண்டைக்கு வாய் வெட்டினாத் தப்பும். வாறீங்களா?"

"ஓம் அண்ணன், வாறன்" என்று மண்வெட்டியை எடுத்தேன்.

அவருடைய ஆட்களும் எங்கள் ஆட்களுமாக மணல் திட்டில் இறங்கினோம். வெட்டினோம். இடுப்பளவு ஆழம் போனதும் ஒரு அலை ஏறி வந்து முழுவதையும் நிரப்பிவிட்டுப் போனது. மறுபடியும் வெட்டினோம். மறுபடியும் நிரப்பியது. பகல் சாய்ந்தபோது கையெல்லாம் தோலுரிந்து, ஆட்கள் மணலில் மல்லாந்து கிடந்தார்கள். கணபதிப்பிள்ளை அண்ணன் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அஸர் தொழுகை நேரம். வெள்ளத் தண்ணீரிலேயே முகம் கைகால் கழுவி ஒளூச் செய்து, ஈர மணலில் அணிவகுத்துத் தொழுதோம். கடைசி சுஜூதில், மணலில் வைத்த நெற்றியை எடுத்து என்னால் எழும்ப முடியவில்லை. "யா ரப்பே, மழை கேட்டோம், தந்தாய். தந்த ரஹ்மத்தை எங்களுக்கு அழிவாக்கிவிடாதே. மழையும் உன்னுடையது, கடலும் உன்னுடையது. எங்களிடம் இருப்பது இந்தக் கை மட்டும்தான்." அழுதேன். பக்கத்தில் இருந்தவர்களும் அழுதார்கள். சற்றுத் தள்ளிக் கணபதிப்பிள்ளை அண்ணன் கைகூப்பி நின்றார்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினேன். கன்னத்தில் ஏதோ வித்தியாசம். காற்று! காலையிலிருந்து முகத்தில் அறைந்துகொண்டிருந்த வாடைக்காற்று விழுந்துவிட்டது! அலை வந்தது, ஆனால் பாதி வழியிலேயே திரும்பிப் போனது.

"எழும்புங்கடா!" என்று கத்தினேன். அதே நேரம் கரையோரமாக ஒரு கூட்டம் ஓடி வந்தது. முன்னால் இஸ்மாயில்! பின்னால் அவனுடைய வலைக்காரர்கள். தோள்களில், சூறாவளி முறித்துப்போட்ட தென்னங்குற்றிகள்!

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க மச்சான்? பிடிங்க! இதப் போட்டு மணலத் தடுப்பம்!"

"நீ எப்பிடிடா வந்த?"

"ராத்தா வாசல்ல வந்து நிண்டு அழுதா. மறுகா நான் எப்பிடி வீட்ட இரிக்கிற?" தன் அக்கா சவுதும்மாவைத்தான் சொன்னான்.

குற்றிகளை இரண்டு பக்கமும் இறக்கி அணைத்தோம். வெட்டினோம், வெட்டினோம். விரல் தடிப்பில் ஒரு நீர்க்கோடு கடல் பக்கம் நழுவியது. அது முழமானது. மணல் பாளம் பாளமாக இடிந்து விழுந்தது. "ஓடுங்க! ஓடுங்க!" என்று இஸ்மாயில் கத்தினான். ஓடினோம். முதுகுக்குப் பின்னால் ஒரு முழக்கம்! திரும்பிப் பார்த்தால், ஆறு முழுதாகக் கடலுக்குள் பாய்கிறது! "அல்லாஹு அக்பர்!" என்று நாங்கள் கத்த, "அரோகரா!" என்று அவர்கள் கத்த, கணபதிப்பிள்ளை அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். தாடி நரைத்த இரண்டு பேரும் குழந்தைகளைப்போலக் குதித்தோம்.

தண்ணீர் வடிய வடிய வரம்புகள் தலை காட்டின. பிறகு பயிர் தெரிந்தது. சேறு பூசி, சாய்ந்து, ஆனால் உயிரோடு! பள்ளத்து மூலை அழுகித்தான் போனது. மிச்சமெல்லாம் நிமிர்ந்தது, கதிர் தள்ளியது, காய்ந்த வெயிலில் அறுத்தேன். புது நெல் சோற்றை இஸ்மாயிலின் வலைக்காரர்களுக்குத்தான் சவுதும்மா முதலில் பரிமாறினாள்.

அன்றிலிருந்து நான் வேறு மனிதன். பழைய மாதக் கணக்கை நம்பி விதைப்பதில்லை. வானத்தைப் பார்த்து, குறுகிய காலத்தில் விளையும் நெல்லை விதைக்கிறேன். மாரிக்கு முன்பே இரண்டு ஊராரும் கூடி வாய்க்கால்களைத் துப்புரவாக்குகிறோம். வெள்ளாமையை விடும் எண்ணம் அதன் பிறகு என் வாசலுக்கு வரவேயில்லை.

அன்பான சகோதரர்களே, மழை தவறிவிட்டதென்று உங்கள் மனமும் இடிந்து போயிருக்கலாம். செய்ய வேண்டியதையெல்லாம் செய்யுங்கள். பிறகு நெற்றியை மண்ணில் வைத்து, உரிமையோடு கேளுங்கள். அவன் கேட்கிறான். இந்த வருடமும் மழை பிந்தித்தான் நிற்கிறது. நான் விதைத்துவிட்டேன்.