ரெஸ்ட் என்று எழுதினேன்

கொடும்பாளூர் தாண்டி ஒரு குதிரைப் பண்ணை. பெயர் வேண்டாம். லேப் டெக்னீஷியனாக அங்கே சேர்ந்த முதல் வாரத்தில் நடந்தது இது.

அங்கே இருந்ததெல்லாம் சினைக் குதிரைகள். சினையான முதல் சில மாதங்கள் அவற்றின் ரத்தத்தில் ஒரு ஹார்மோன் சுரக்கும். அதைப் பிரித்தெடுத்து, மாடும் ஆடும் பருவத்துக்கு வருவதற்கான ஊசி மருந்து செய்வார்கள். அதற்காகக் கழுத்து நரம்பில் வாராவாரம் ரத்தம் எடுப்பதை ‘ப்ளீடிங்’ என்பார்கள். குதிரை தாங்குமா என்று முன்கூட்டியே டெஸ்ட் செய்து சொல்வது என் வேலை.

எட்டாம் நம்பருக்கு ஹீமோகுளோபின் படுமோசம். ஈறெல்லாம் வெளிறியிருந்தது. ரிஜிஸ்டரில் மூன்று வார்த்தைகளில் ஒன்றைத்தான் எழுதலாம்: ஓகே, ஹோல்ட், ரெஸ்ட். வாயில்லா ஜீவன், நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று ‘ரெஸ்ட்’ எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல காரியம் செய்த நினைப்பில் டீ குடிக்கப் போனேன்.

குதிரைகளைப் பராமரிக்கும் அழகம்மை பின்னாலேயே வந்தார்.

“ஏன் சார் எட்டுக்கு அப்புடி எழுதுனீங்க? வயித்துக் குட்டி நல்லாத்தானே இருக்கு?”

“அதுக்குத்தாங்க ரெஸ்ட் போட்டேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இங்கிட்டு ரெஸ்ட்டுன்னா குட்டியக் கலைக்கிறது சார். தேறுனதும் திரும்பச் சினைக்கு விட்டுருவாங்க. யாரும் சொல்லலையா?”

மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

“தெரியாம எழுதிட்டேன் சார். ஹோல்ட்டுன்னு மாத்திக்கிறேன், இந்த வாரம் மட்டும் ரத்தம் எடுக்க வேணாம்.”

“ரிஜிஸ்டர்ல அடிச்செழுதக் கூடாதுங்க, ஆடிட்ல கேப்பாங்க. எப்புடியும் கொஞ்ச நாள்ல ஹார்மோன் வத்திரும். அப்பறம் அந்தக் குட்டிய வச்சு நாம என்ன பண்றது?”

மத்தியானமே ஊசி போட்டுவிட்டார்கள். எவன் வீட்டு மாடோ கன்று ஈன வேண்டும் என்பதற்காக இங்கே ஒரு குட்டியைத் தாய் வயிற்றிலேயே கொல்கிறார்கள். அதற்கு ஓய்வு என்று பெயர் வைக்க எப்படித்தான் மனசு வந்ததோ! கொலை என்று எழுதினால் கை கூசும், ரெஸ்ட் என்றால் கூசாது. என் கையும் கூசவில்லையே, அதுதான் ஆத்திரம்.

மறுநாள் காலை அழகம்மை லாயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நேராகப் போய் ரிஜிஸ்டரைப் பிரித்தேன். ரெஸ்ட் என்றிருந்த ஒவ்வொரு வரிக்கும் கீழே ‘சினை கலைக்கப்பட்டது’ என்று தமிழில் எழுதினேன். பக்கம் பக்கமாக வந்தது.

“என்னங்க பண்றீங்க?” என்றார் மேனேஜர்.

“அடிச்செழுதலை சார். அர்த்தம் எழுதுறேன்.”

அன்றைக்கே வேலை போயிற்று. அது பெரிய நஷ்டமில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அங்கே புழங்கும் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று, லாயம் கழுவுகிறவரிடம் முதலில் கேளுங்கள். பேனாவைப் பிறகு திறக்கலாம். நான் கேட்கவில்லை. மற்ற வரிகளில் யார் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எட்டாம் நம்பருக்கு எதிரே இருப்பது என்னுடையது.