எண்ணெய் பூசிய டிஸ்க்

வாசகர்களே, நீங்களே சாட்சியாக இருந்து கேளுங்கள். பட்டிமன்ற மேடையில் எதிரணியை மடக்கத் தெரிந்த நான், என் சைக்கிளை மடக்க முடியாமல் தவித்த காலை இது.

மரக்காணத்தில் உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. தாழ்ப்பாள் முதல் தையல் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் எண்ணெய் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே, டிஸ்க் பிரேக்கை நானே பொருத்தி, பிரேக் கட்டைகள் உரசாதபடி சரிசெய்து முடித்ததும், சக்கரங்களோடு சுழலும் பளபளத்த இரண்டு டிஸ்க் தட்டுகளிலும் தேங்காய் எண்ணெய் பூசினேன். துருவை வென்றதாக மனத்துக்குள் முழங்கவும் செய்தேன்.

மறுநாள் விடியலில் தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சாலை மேட்டிலிருந்து உப்பளத்துக்குச் சரியும் மண்பாதையில் இறங்கினேன். இருபுறமும் பாத்தி நீரில் வானம் அசையாமல் கிடந்தது. மேகங்களின் நடுவே மிதப்பதுபோல் இருந்தது. அந்த மயக்கத்தில், கீழே உப்பு லாரி ஒன்று பின்னோக்கி வருவதைத் தாமதமாகவே கண்டேன்.

"அண்ணா, பிரேக்கப் புடி!"

"புடிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்!"

எண்ணெய் பட்ட தட்டுகள் கட்டைகளுக்கிடையே வழுக்கிச் சுழன்றன. ஹேண்டிலை ஒடித்து, ஓரத்து உப்புக் குவியலில் மோதினேன். அந்த வெண்மை எங்களை மெதுவாக வாங்கிக்கொண்டது. லாரி எங்களைத் தாண்டிப் போய் நின்றது.

தங்கை தலைமுடியிலிருந்து உப்பை உதறினாள். "ஏண்ணா, பேசியே நிறுத்திடலாம்னு பாத்தியா?"

பிறகு எண்ணெய் ஊறிய கட்டைகளை மாற்றினேன். இப்போது தட்டுகளை ஸ்பிரிட் தொட்ட துணியால் மட்டுமே துடைக்கிறேன். அன்றோ, உப்பில் உட்கார்ந்தபடியே அவளிடம் உரக்கச் சொன்னேன்: "இனிமே தட்டுல எண்ணெ படாது. நான் தனியா ஓட்டி, ரெண்டு பிரேக்கும் புடிச்சிப் பாக்காம உன்ன ஏத்தமாட்டேன்."