மேலே சிவப்பா, வெள்ளையா?

என் மகள் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறாள். கேமரா லென்சுகளுக்கு உலோகக் கூடு கடைந்து தருகிற பட்டறை. போன வாரம் வேலை விட்டு வந்தவள், சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்துகொண்டு போர் விமானக் கேமரா ஒன்றைப் பற்றிச் சொன்னாள்.

“முன்னாடியெல்லாம் விமானத்துல ராடார்தாம்மா. தூரத்துல ஏதோ வருதுன்னு காட்டும், யாரு வர்றாங்கன்னு காட்டாது. ஏவுகணை அம்மாந்தூரம் போவும், ஆளோட கண்ணு போவாதே. நம்ம விமானத்தையே சுட்டுட்டா? அதனால கண்ணால பாத்துட்டுதான் சுடணும்னு உத்தரவு. பாக்கலாம்னு கிட்டப் போனா எதிராளி முந்திக்குவான்.”

அப்புறம் விமானத்தின் மூக்குக்கு அடியில் தூரத்தைப் பிடிக்கிற கேமராவை வைத்தார்களாம். புள்ளியாக இருந்தது இறக்கையும் வாலுமாகத் திரையில் தெரிந்ததாம். முன்னால் ஒருவன் ஓட்டுவான், பின் சீட்டுக்காரன் திரையைப் பார்த்து நம்மவனா இல்லையா என்று சொல்வான். சண்டையின் போக்கே மாறிப்போனதாம்.

“இதை நாங்க மயிலாப்பூர்ல அப்பவே பண்ணிட்டோம். நான்தான் பின் சீட்டு” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாடியோடு கூடிய வீட்டில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் கேமரா பெட்டி தூக்குகிற வேலை. அப்பாவின் தம்பி, சித்தப்பா, நாலு தெரு தள்ளி இருந்தார். இரண்டு பேருக்கும் காத்தாடி, அதாவது பட்டம், என்றால் உயிர். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பியதும் மாமா எங்கள் மாடியிலும் சித்தப்பா அவர் மாடியிலும் ஏறிவிடுவார்கள். இரண்டு பேருக்கும் பொது எதிரி மந்தைவெளிக்காரர்கள். மேலே போன காத்தாடியை அவர்கள் காத்தாடியோடு உரசவிட்டு நூலை அறுக்க வேண்டும். அதற்கு டீல் போடுவது என்று பெயர். கண்ணாடித் தூள் தடவிய மாஞ்சா நூல், கையையே அறுக்கும். இப்போது அதற்குத் தடை. தடை போட்டது நியாயம்தான்.

சித்தப்பாவுக்கும் மந்தைவெளிக்காரர்களுக்கும் காத்தாடி ஒட்டித் தந்தது ஒரே கடைக்காரர். அவரிடம் இருந்தது இரண்டே நிறத்துக் காகிதம். சித்தப்பாவுக்கு மேலே சிவப்பு, கீழே வெள்ளை. அவர்களுக்கு மேலே வெள்ளை, கீழே சிவப்பு. கையில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். லஸ் முனையைத் தாண்டிப் போய்விட்டால் எல்லாம் ஒரே மிளகு. மாமா இரண்டு தடவை சித்தப்பாவின் காத்தாடியையே அறுத்துவிட்டார். இரண்டாம் தடவை சித்தப்பா எங்கள் வாசலில் வந்து நின்று அம்மாவிடம் சொன்னார்: “அண்ணி, இன்னொரு வாட்டி உன் தம்பி கையால என் காத்தாடி போச்சுன்னா, இந்த வூட்டுப் படி ஏற மாட்டேன்.”

அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. தம்பியை விரட்டவும் முடியாது, கொழுந்தனை இழக்கவும் முடியாது. அப்பா வழக்கம்போல வெற்றிலையில் மூழ்கிவிட்டார்.

மாமா பயந்துபோனார். கிட்டே கொண்டுபோய் நிறம் பார்க்கலாம் என்றால், பார்ப்பதற்குள் மந்தைவெளிக்காரன் அறுத்துவிடுவான். ஸ்டுடியோவில் கீறல் விழுந்து கழித்துப்போட்ட தூரத்து லென்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். அட்டையைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையில் லென்சும் மறுமுனையில் பூதக்கண்ணாடியுமாகக் கட்டி, முக்காலி மேல் சாய்த்துவைத்தார். அவர் கைகள் நூலில் இருக்கும். அதனால் பார்ப்பது என் வேலை.

“சூரியன் பக்கம் மட்டும் திருப்பாத. இதுல எல்லாம் தலகீழாத்தான் தெரியும். நீ பாத்ததை அப்படியே சொல்லு, திருப்பிப் போடுறது என் வேலை” என்றார்.

கண்ணை வைத்தேன். மிளகு காத்தாடியாகிவிட்டது! வால் மேலே பார்த்து ஆடியது. “மேல வெள்ளை!” என்று கத்தினேன். மாமா மனசுக்குள் திருப்பிப் போட்டு, சித்தப்பாவுடையது என்று விலகிப் போனார். “மேல சிவப்பு!” என்றால் மந்தைவெளி. கிட்டே போய்ப் பார்க்கிற வேலையே இல்லாமல், தூரத்திலிருந்தே நேராகப் போய் அறுத்தார். அந்த வாரம் மந்தைவெளியில் மிஞ்சிய காத்தாடி குறைவு. நான் தெருவில் நடந்தால் தலை நிமிர்ந்தே நடப்பேன்.

ஆனால் வீட்டுக்காரர் மகள் ஒருத்தி, என் வயசுக்காரி, மாடிப்படியில் நின்று கேலி செய்வாள். “மேல சிவப்புன்னு கத்துற, அறுந்து வுழுந்ததுல மேல வெள்ளையில்ல கீது! உன் கண்ணு இன்னா தலகீழா வச்சு தச்சதா?”

எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு யோசனை செய்தேன். மாடியில் குட்டையான தண்ணீர்த்தொட்டி ஒன்று உண்டு. அதன் மேல் மல்லாந்து படுத்து, தலையை விளிம்புக்கு வெளியே, உச்சி சுண்ணாம்புத் தளத்தில் உரசும்படி தொங்கவிட்டு, அப்படியே லென்சில் பார்த்தேன். உலகம் நேராகிவிட்டது. வால் கீழே, காத்தாடி மேலே. எவ்வளவு அழகு! மாமா எனக்கு முதுகு காட்டி நின்றார்.

“யாருடீ அது? சீக்கிரம் சொல்லு!”

“மேல சிவப்பு!” என்றேன். உண்மையாகவே மேலே சிவப்புதான். என் திருப்பல் போதாதென்று மாமாவும் திருப்புவார் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. அவர் நூலை ஒரு சுண்டு சுண்டினார். காத்தாடி தேனாம்பேட்டைப் பக்கமாக மிதந்து போயிற்று. நாலு தெரு தள்ளி சித்தப்பாவின் குரல், எந்தக் கருவியும் இல்லாமலே தெளிவாகக் கேட்டது.

சித்தப்பா மாடிக்கு வந்தபோது அவருக்குப் பின்னால் அம்மா, கையில் கரண்டியோடு, அழாத குறையாக.

“வேணும்னே பண்றியா மச்சான்? மூணாவது வாட்டி!”

“மச்சான், இந்தக் குழாய் எல்லாத்தையும் தலகீழா காட்டுது. புள்ள சரியாத்தான் சொல்லிச்சு, நான் திருப்பறதுல தடுமாறிட்டேன். என் தப்பு” என்றார் மாமா.

“குழாயாம், தலகீழாம். யாருகிட்ட கத வுடுற?” என்று சித்தப்பா கண்ணை வைத்து, குழாயை மந்தைவெளிப் பக்கம் திருப்பினார். பிறகு அவர் முதுகு குலுங்கியது.

“அண்ணி, இங்க வா! அந்த மந்தவெளிக்காரன் கால மேல தூக்கிக்கினு ஆடுறான் பாரு! நம்ம காத்தாடி போன சந்தோசத்துல தலகீழா நின்னு லுங்கிய மடிச்சுக் கட்றான்! அடப்பாவி, வானம் கீழ கீது!”

அம்மாவும் பார்த்தாள். கரண்டியும் கையுமாகச் சிரித்தாள். அன்றைக்குச் சித்தப்பா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். மூன்றாம் முறை குழம்பு கேட்டபோது அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என் தப்பு யாருக்கும் தெரியவில்லை என்று ரொம்ப நாள் கர்வமாக இருந்தேன். ஒன்றுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை. காத்தாடி அறுந்த கையோடு சித்தப்பாவின் செருப்புச் சத்தம் படியில் ஏறிக்கொண்டிருக்கிறது, மாமாவின் மானம் போகப்போகிறது. அந்த நேரத்தில் அவர் என்னை இழுத்து நிறுத்தி, என் உச்சந்தலையிலும் பின்னல் முழுவதும் அப்பியிருந்த மாடித்தளத்துச் சுண்ணாம்பைத் துண்டால் அவசர அவசரமாகத் தட்டிவிட்டார்.

“சும்மா இரு மாமா, இப்ப போயி தலைய தட்டிக்கினு” என்று அவர் கையைத் தள்ளிவிட்டேன்.