அக்காவுக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம்

மலாயாவில் கோல சிலாங்கூர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூடம் என்பது ஒரு பழைய மாட்டுக்கொட்டகைதான். ஆனாலும் மழை விட்ட காலைகளில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பனி இறங்கினால், கொட்டகை தரையில் படாமல் மிதப்பதுபோலத் தெரியும். சேலத்துப் பிள்ளைகள், திருச்சிப் பிள்ளைகள், தமிழில் திட்ட மட்டும் கற்றுக்கொண்ட தெலுங்குப் பையன்கள், எல்லோருக்கும் ஒரே வகுப்பு. ரப்பர்ப் பால் வாளி தூக்கத் தெம்பு வந்த பிள்ளை வெளிக்காட்டு வேலைக்குப் போய்விடும். அப்படிப் போய்ப் போய் ஒரு வருஷம் வகுப்பில் பாதிப் பாய் காலி.

மேற்பார்வைக்கு வந்து தலை எண்ணும் யாழ்ப்பாணத்து ஐயா இதைக் கண்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார். மூடினால் நானும் வாளி தூக்க வேண்டியதுதான். வாத்தியார் எங்கள் வரிசை வீட்டு லயத்துக்கே வந்துவிட்டார்.

"நாளைக்கு ஐயா வர்றாரு. பெரியவள ஒரே ஒரு நாளைக்கு அனுப்பும்மா. சின்னவ படிக்கணும்ல?"

"ஒரு நாளுதான் வாத்தியாரய்யா. அவ இல்லாம நான் ஒண்டியா எப்படிப் பாலெடுக்கிறது?" என்றாள் அம்மா.

வாளி தூக்கப் போய் ஒரு வருஷமான அக்கா, கையில் ஒட்டியிருந்த ரப்பர்ப் பாலை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடடா, அந்தக் காலை! ஐயா அவளை எழுந்து படிக்கச் சொன்னபோது ஒரு எழுத்தும் அவளுக்கு மறக்கவில்லை. பாட்டைப் போல இழுத்து இழுத்துப் படித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படித்துவிட்டு உட்கார்ந்த சிறிது நேரத்தில், பாலெடுக்கச் சொல்லித் தோட்டத்து மணி அடித்தது. அக்கா சட்டென்று எழுந்தாள். கை பக்கத்தில் வாளியைத் துழாவியது. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஐயா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரு பிள்ளை. அது உனக்கு அடிச்ச மணி இல்லை" என்றார் மெதுவாக. அவளையும் சேர்த்தே தலை எண்ணினார். போகும்போது, "நாளைக்கும் வருவாய்தானே?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினாள். பள்ளிக்கூடம் பிழைத்தது.

மறுநாள் நான் கண் விழித்தபோது அக்கா வாளியோடு லயத்து வாசலைத் தாண்டியிருந்தாள். முதல் நாள் வாத்தியார் அவளுக்குக் கொடுத்த சிலேட்டு பாயோரம் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அக்கா! சிலேட்ட விட்டுட்டுப் போறியே! ஐயா வரச் சொன்னாருல்ல!"

அவள் திரும்பவில்லை. நடைதான் வேகமானது. பாவம், காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.