மலைப்பாதையில் மறித்த கேள்வி

சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், பிசாசு, சகுனம், கண்ணூறு எல்லாம் வேலையில்லாதவர்களின் கதை என்று சொல்லித் திரிந்தவன் நான். பூனை குறுக்கே வந்தால் நின்று, "நீ முதல் போ ராசா" என்று அதற்கு வழிவிடுவேன். என் மனைவி சாந்திக்கு அந்தப் பகிடி பொறுக்காது.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. வெளியே புறப்படுகிற ஆளைப் பார்த்து "எங்கை போறியள்" என்று கேட்கக் கூடாது, "தூரமோ" என்றுதான் கேட்கலாம். யாராவது எங்கே என்று கேட்டுத் தொலைத்துவிட்டால், திரும்பி வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் சீசா பகுதியில் நாங்கள் இருந்த மாடிவீட்டில், கீழ்மாடி இத்தாலியக் கிழவி பாவம் அன்பாய் எங்கே போகிறாய் என்று கேட்டதற்காக என்னை மறுபடி மாடியேற வைத்தவள் இவள்.

"அந்த மனுசிக்கு எங்கடை வழக்கம் தெரியுமே?" என்று எரிந்து விழுவேன்.

"உங்களுக்குத் தெரியும்தானே. தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஒரு இத்தாலிய அம்மா வீட்டில் சமையல் வேலை செய்தேன், சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்கு மலை என்றால் பைத்தியம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் புருசனோடு வடக்கே ஆல்ப்ஸுக்குப் போய், மலையில் ஒரு தங்குகுடிலிலிருந்து அடுத்த குடிலுக்கு என்று நாள் நாளாக நடப்பார். அந்த வருடம் புருசனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, பை தூக்க நீ வா என்றார். மறுக்க முடியவில்லை. என் பெர்மெஸ்ஸோவுக்காக, அதாவது இருக்கிற அனுமதிக்காக, பொலிஸ் கந்தோர் வாசலில் என்னோடு வரிசையில் நின்ற மனுசி அவர். ஆனால் சாந்தி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அதற்கு முன் இரண்டு தரம் கரு தங்கவில்லை. "பிள்ளை பிறக்கேக்கை நீங்கள் பக்கத்திலை இருக்கவேணும், எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்" என்றுதான் அனுப்பினாள். எனக்கு நெஞ்சு முழுக்க அதுதான்.

முதல் நாள் நல்ல வெயில். இரண்டாம் நாள் குடிலில் காலைச் சாப்பாடு முடித்து இறங்கினால், பால் கொட்டினது மாதிரிப் பனிப்புகார். பாதை ஒரு ஆள் நடக்கிற அகலம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். சிஞ்ஞோரா முன்னால், நான் பின்னால். பையின் பட்டி தோளை அறுக்கிறது, மூச்சு வாங்குகிறது, யாருக்கு விளங்கப் போகிறது என்று "கோதாரி விழுந்த மலை, கோதாரி விழுந்த மலை" என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் கேட்டது. "எங்கை போறியள்?"

நம்பினால் நம்புங்கள், தமிழில். இளம் பெண் குரல். பயப்படவோ திரும்பிப் பார்க்கவோ எனக்குத் தோன்றவில்லை. அத்தனை வருடம் சாந்தி பழக்கிய பழக்கம், உடம்பு தானாகப் பையை இறக்கி வைத்துவிட்டுக் குந்திவிட்டது. தண்ணீர்ப் போத்தலையும் திறந்துவிட்டேன். சிஞ்ஞோரா நின்று, இதென்ன இந்த இடத்தில் என்று சத்தம் போட்டார். தண்ணீர், ஒரு நிமிடம், என்றேன். அவர் புறுபுறுத்துக்கொண்டு என் பக்கமாகத் திரும்பி வந்தார்.

நான் விழுங்கிய மிடறு தொண்டையில் இருக்கும்போதே மேலே இடி இடித்தது. இடி இல்லை, கல். எங்களுக்கு முன்னால், நாங்கள் நடந்திருக்க வேண்டிய இடத்தில், பாறை பாறையாய் உருண்டு பள்ளத்துக்குள் போனது. தூசி அடங்கிப் பார்த்தால் அங்கே பாதை இல்லை.

சிஞ்ஞோரா சிலுவை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் குந்தி, என் போத்தலை வாங்கி மிச்சத் தண்ணீரைக் குடித்தார். பிறகு கேட்டார், "பின்னால் வந்த அந்தப் பெண் எங்கே?" அவருக்கும் கேட்டிருக்கிறது. "அவள் பேசினது எனக்கு விளங்கவில்லை, ஆனால் பேச்சின் இழுவை எங்கள் பலெர்மோ இழுவை" என்றார்.

திரும்பிப் போய்க் குடில்காரனிடம் விசாரித்தோம். உங்களுக்குப் பிறகு ஒருவரும் புறப்படவில்லை என்றான்.

சாந்திக்கு ஆச்சரியமே இல்லை. "அது எங்கடை கோயில் அம்மாளாச்சிதான்" என்றாள். அம்மாளாச்சிக்கு எதற்குப் பலெர்மோ இழுவை என்று கேட்டேன், பேசாமல் இருங்கோ என்றாள். பனிக்காலம் தொடங்க மகள் ஆரணி பிறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆரணி இங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளை, தமிழையும் இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி இழுத்துத்தான் கதைப்பாள். தாய் எவ்வளவு திருத்தியும் "தூரமோ" அவள் வாயில் வரவேயில்லை. அவள் குமரியான பிறகு ஒருநாள், நான் சப்பாத்துப் போடுகிறேன், குசினிக்குள் இருந்து "எங்கை போறியள்?" என்றாள். அதே குரல். நான் சப்பாத்தோடு அப்படியே இருந்துவிட்டேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை, மலையில் நடந்ததையும் அவளுக்கு நாங்கள் சொன்னதில்லை.

போன ஆகஸ்டில் சிநேகிதிகளோடு ஆல்ப்ஸுக்கு நடக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். அதே மலை. போகாதே என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு, இவள் போகாவிட்டால் அன்றைக்கு என்னை யார் மறிப்பது என்று ஒரு யோசனை வந்தது. விசர் யோசனைதான், எனக்கே தெரியும். தண்ணீர் குடிக்க வைத்து, "போட்டு வா பிள்ளை" என்றேன்.

சுகமாகத் திரும்பி வந்தாள். சாப்பிட்டுக்கொண்டே கதை சொன்னாள்.

"அங்கை ஒரு தமிழ் ஆள் அப்பா. ஒரே புகார், முகம் தெரியேல்லை. பெரிய பையோடை எனக்கு முன்னாலை, 'கோதாரி விழுந்த மலை' எண்டு பேசிக்கொண்டு போறார். எனக்குச் சிரிப்பு. ஒரு கேள்வி கேட்டன், மனுசன் திரும்பிக்கூடப் பாக்கேல்லை, பையை வைச்சிட்டுக் குந்தீட்டார். கிட்டப் போனா ஒருத்தரும் இல்லை."

"என்ன கேட்டனி?" என்றாள் சாந்தி.

நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். பிள்ளை என்ன பதில் சொன்னாள் என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.