இரண்டாவது பிரேக்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் பிரேக் வாத்தியார். ஆனால் முப்பது வருஷமாக அவர் ஸ்டியரிங்கைத் தொட்டது குறைவு. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழே இருக்குமே இரண்டாவது பிரேக், அதை மிதித்ததுதான் அதிகம். பழக்க தோஷம், பஸ்ஸில் போனாலும் மிதிப்பார். சினிமாவில் கதாநாயகன் காரை விரட்டினாலும் மிதிப்பார். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். யாராவது பேசும்போது, பேச்சு ஏடாகூடமாக முடியும்போலத் தோன்றினால்கூடப் போதும், வலது கால் தானாக இறங்கிவிடும்.

இந்தக் காலோடு குடும்பம் நடத்தியவர் அவர் மனைவி. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "ஒரு நாள் நானே கார் வாங்குவேன். அதுல ஒரே ஒரு பிரேக்தான். அதுவும் உங்க பக்கம் இருக்காது" என்பார். மகளைக்கூட வேறொரு பயிற்சிப் பள்ளிக்குத்தான் அனுப்பி வைத்தார். வாத்தியாருக்கு அது பெரிய மானக்கேடு. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை.

சொன்னபடியே அந்த அம்மாள் காரையும் பார்த்து வைத்துவிட்டார். ஒரு பல் டாக்டர் விற்கவிருந்த குட்டி மஞ்சள் கார். அடுத்த வாரமே நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன அந்த அம்மாள் வீடு திரும்பவில்லை. பீரோவில் அவர் பெயரில் மட்டும் ஒரு பாஸ்புக் இருந்தது. கூடவே எல்லாம் கணவருக்கே என்று ஒரு பக்க உயில். பாஸ்புக் அட்டையில் 'மஞ்சள் கார்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த அன்று வாத்தியார் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தக் காரை வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவும் செய்துவிட்டார்.

குறுக்கே வந்தவர் மச்சான். வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவர். காதில் விழுந்த சட்டமெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"அத்தான், இது அக்கா தனிப் பேர்ல போட்ட பணம். உயில் இருந்தாலும் சும்மா தூக்கிக் குடுத்துட மாட்டாங்க. கோர்ட்டுக்குப் போய், உயில் செல்லும்னு புரொபேட் வாங்கணும். ஒரு வருஷம் ஆகும்."

பல் டாக்டரோ வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தார். பணம் எப்போது வரும் என்று சனிக்கிழமைக்குள் உறுதியாகச் சொல்லாவிட்டால் கார் வேறு ஆளுக்கு.

வெள்ளிக்கிழமை காலை வாத்தியார் வங்கியில் நின்றார். பெரிய கண்ணாடி போட்ட அதிகாரியம்மா உயிலையும் இறப்புச் சான்றிதழையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் வந்து உக்காருங்க சார், கம்ப்யூட்டர்லயே காட்டுறேன்" என்று மேஜைக்கு உள்பக்கம் அழைத்தார். வாத்தியாரும் போய் உட்கார்ந்தார்.

"இது ஜாயின்ட் அக்கவுன்ட் இல்ல சார். அவங்க ஒருத்தர் பேர்லதான் இருக்கு. அதனால புரொபேட்..."

போச்சு என்று வாத்தியாரின் கால் இறங்கியது. கீழே நிஜமாகவே ஒரு பெடல் இருந்தது. திருடன் வந்தால் மிதிப்பதற்காக வைத்திருந்த அலாரம் பெடல்.

மணி காதைக் கிழித்தது. ஷட்டர்கள் தடதடவென்று இறங்கின. வாயில் பாதி ரொட்டியோடு காவலாளி ஓடி வந்தார். வரிசையில் நின்ற ஒரு ஆசாமி யாரும் சொல்லாமலே குப்புறப் படுத்துக்கொண்டார். மேனேஜரின் குரல் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது: "எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லுங்க!"

வாத்தியார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "நான்தாங்க. பிரேக்னு நெனச்சு மிதிச்சுட்டேன்" என்றார்.

போலீஸ் வந்து திறக்கும்வரை யாரும் வெளியே போக முடியாது. அதிகாரியம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேசி முடிக்க விடுங்க சார்! புரொபேட் வேணுமான்னு தொகையப் பாத்துதான் சொல்ல முடியும்னு சொல்ல வந்தேன். எங்க பேங்க்ல ஒரு வரம்பு இருக்கு. அதுக்கு மேல போனாத்தான் கோர்ட்டு. உங்க வீட்டம்மா கணக்கு அதுக்குள்ளதான் இருக்கு. கல்யாணச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், உங்க கையெழுத்து, அவ்வளவுதான். பத்து நாள்ல பணம் வந்துடும்."

"கோர்ட்டே வேணாமா?"

"வேணாம் சார். மொதல்ல காலத் தூக்குங்க, இன்னும் மிதிச்சுட்டே இருக்கீங்க."

ஷட்டர் ஏறியதும் பல் டாக்டருக்குப் போன் போனது. பன்னிரண்டாம் நாள் மஞ்சள் கார் வாசலுக்கு வந்தது. மச்சான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, சட்டத்தில் எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது என்று முணுமுணுத்தார்.

மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்த வாத்தியார் முதல் தெருவில் எட்டு முறை மிதித்தார். காலுக்குக் கிடைத்தது தரையில் விரித்திருந்த வெறும் கால்மிதிதான். இரண்டாவது தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டிலேயே சம்மணம் போட்டுக்கொண்டார். "உங்கம்மா ஜெயிச்சுட்டா" என்று வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

கார் ஓரிடத்தில் நின்றது.

"சிவப்பு விழுந்ததும் எவ்வளவு கரெக்டா நிறுத்தினேன், பாத்தீங்களாப்பா?"

"பாக்கலையே" என்றார் வாத்தியார். அவர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.